சிம்ரியின் முதல் வருஷம், ஏழு நாள்

ஏலா ராஜாவின் இரண்டாம் வருஷம், ஆறாம் மாதம், 20

கீலேயாத்திலிருந்து வந்த மரம் முழுக்க ஈரம். கர்வாலி மரத்தை வெட்டினால் இரண்டு கோடை காயவிட வேண்டும் என்பது தச்சன் வீட்டுக் கோழிக்கும் தெரியும். அனுப்பினவனுக்குத் தெரியவில்லை. இதில் விளிம்பு வட்டை வளைத்தால் முதல் மழைக்கே சக்கரம் கோணிக்கொள்ளும். அத்தனையையும் திருப்பி அனுப்பினேன். அரண்மனை விசாரிப்புக்காரன் அர்சா ஆள்விட்டுத் திட்டினான். திட்டட்டும். அவனா ரதத்தில் ஏறப்போகிறான்? ஏறினால் அச்சு தாங்காது.

பட்டறைக்கு சிம்ரி வந்திருந்தார். ரதங்களில் பாதிக்கு அவர்தான் தலைவர். மீதிப் பாதியும் காலாட்களும் சேனாபதி உம்ரியோடு கிபெத்தோனில், பெலிஸ்தர் மதிலுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். ராஜா இங்கே திர்சாவில், அர்சாவின் வீட்டில், கோப்பைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்.

சிம்ரி ஒரு சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, அச்சு நுழையும் நடுக்குடத்தில் காதை வைத்துக் கேட்டார். "டேய் சக்கரம்! ஆறு ஆர்க்காலை எட்டாக்கினா என்ன ஆகும்?"

"கனம் கூடும். கல்லுல உடையாது."

"கனம் எவ்வளவு கூடும்?"

தீரு பட்டணத்தில் மூன்று வருஷம் இந்த வேலையைப் படித்தேன். ஊர் திரும்பி நாலு வருஷம். 'எவ்வளவு' என்று என்னிடம் கேட்ட முதல் ஆள் இவர்தான். மற்றவர்கள் 'எப்போது' என்று மட்டும் கேட்பார்கள்.

24

அக்கா நோவாள் வீட்டில் சாப்பாடு. பயறுக் கூழ், வெங்காயம், புது அத்திப்பழம். அத்தான் யாசூப் அரண்மனைத் திராட்சரசக் கிடங்குக்கு மேலாள். மூடியை மோந்தே எந்த மலைச்சரிவில் விளைந்தது என்று சொல்லிவிடுவார். பிறை நாள் விருந்தில் ராஜாவின் பந்தியில் அவருக்கும் ஓர் இடம் உண்டு. அவர் அம்மா, ஏலாவின் தகப்பன், செத்துப்போன பாஷா ராஜாவுக்கு ஏதோ சித்தப்பா பேத்தி.

"ராஜா எப்படி இருக்கார் அத்தான்?"

"நிக்கறப்போ கேக்கறியா, உக்காந்திருக்கறப்போ கேக்கறியா மாப்ள?"

"நிக்கறப்போ."

"அதை நான் பார்த்து ரெண்டு மாசம் ஆச்சு."

அக்கா கரண்டியால் அவர் முழங்கையில் ஒரு தட்டு தட்டினாள். "வாயை அடக்குங்க. ராஜா வீட்டு உறவு, ராஜா வீட்டு உறவுன்னு போய்ப் போய் உக்காந்துக்கறீங்க. ஒருநாள் அதுவே கழுத்துக்கு வரும்."

"அம்மா வழி ஒட்டுடி. அதுக்கு ஒரு கோப்பைதான் கிடைக்கும். கிரீடமும் கிடைக்காது, கத்தியும் கிடைக்காது."

அவருடைய தம்பி ஈகால் உம்ரியின் படையில் வில்லாளி. கிபெத்தோனிலிருந்து சொல்லி அனுப்பியிருக்கிறானாம்: புளித்துப்போன ரசமாவது ஒரு ஜாடி அனுப்பு, இங்கே குழிதண்ணீர் குடித்துக் குடித்து வயிற்றில் தவளை கத்துகிறது. அத்தான் இதைத் தவளைமாதிரியே கத்திச் சொல்லிக்காட்டினார். அக்கா சிரிக்காமல் இருக்கப் பார்த்தாள், முடியவில்லை. கல்யாணமாகி நாலு வருஷம், மடியில் இன்னும் பிள்ளை இல்லை. அந்த வீட்டில் அதைப்பற்றி யாரும் பேசுவதில்லை. சிரிப்பு மட்டும் குறைவில்லை.

28

சிம்ரியின் உத்தரவு: அரண்மனைக் காவலின் பன்னிரண்டு ரதங்களுக்கும் சக்கரத்தைக் கழற்றி, குடத்தைச் சுரண்டி, புதுக் கொழுப்பு பூசவேண்டும். மலையின்மேல் இருக்கும் மரக்கிடங்கில் வைத்துக் காயவிடவேண்டும். "பிறை நாள்ல ராஜா எங்கேயும் கிளம்பப்போறதில்லை. இப்போ விட்டா எப்போ செய்வே?"

நியாயம்தானே. நானே ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்த வேலை.

29

இருபத்துநாலு சக்கரம். ஒரே நாளில் கழற்றி மேலே ஏற்றிவிட்டோம். யாரும் இவ்வளவு வேகமாகச் செய்திருக்க மாட்டார்கள்.

ஏழாம் மாதம், 1

சிம்ரி ராஜாவைக் கொன்றுவிட்டார்.

மத்தியானம், அர்சாவின் வீட்டில், பிறை நாள் பந்தியில். ராஜாவால் எழுந்து நிற்கக்கூட முடியவில்லையாம். உட்கார்ந்தபடியே போனார்.

காவல்காரர்கள் பட்டறைக்குள் ஓடிவந்தார்கள். உம்ரிக்குச் செய்தி கொண்டுபோக ரதம் வேண்டும் என்று கத்தினார்கள். ரதங்கள் தரையில் வயிற்றை வைத்துக் கிடந்தன. ஒருவன் என் சட்டையைப் பிடித்து உலுக்கினான். "சக்கரம் எங்கடா? சக்கரம் எங்க?" நான் மலையைக் காட்டினேன். அவன் மலையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். காறித் துப்பிவிட்டுப் போனான். அதற்குள் சிம்ரியின் ஆட்கள் தெருமுனைக்கு வந்துவிட்டார்கள். அவன் திரும்பி வரவே இல்லை.

இந்த ஒன்றுக்காகத்தானா? எட்டு ஆர், ஆறு ஆர், குடத்தில் காது வைத்துக் கேட்டது — எல்லாம் இந்த ஒன்றுக்குத்தானா?

நான்தான் கழற்றினேன். ஒரே நாளில். பெருமையாக எழுதியும் வைத்திருக்கிறேன்.

சிம்ரி ராஜாவின் முதல் வருஷம், ஏழாம் மாதம், 2

இனிமேல் எதை எழுதினாலும் இந்தப் பெயரைப் போட்டுத்தான் எழுதவேண்டும் என்று வாசலில் கூவிவிட்டுப் போனார்கள். போட்டுவிட்டேன்.

அத்தான் உயிரோடு இருக்கிறார். நேற்றுக் கத்தி வந்தபோது இரண்டாவது ஜாடி எடுக்கக் கிடங்குக்குள் இறங்கியிருந்தார். வடிகால் வழியாக வெளியேறி, என் பட்டறையில் மரம் வேகவைக்கும் குழிக்குள் வந்து ஒளிந்துகொண்டார். மேலே சிராய் போட்டு மூடியிருக்கிறேன். அக்கா ரொட்டி கொண்டுவந்தாள்.

வெளியே பாஷா வீட்டு ஆண்களை ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்துக் கொல்கிறார்கள். தொட்டிலில் இருக்கிற ஆண் பிள்ளையைக்கூட விடவில்லை. ரத்தப்பழி வாங்க ஒரு கைகூட மிஞ்சக்கூடாது என்பதுதான் அதற்குக் காரணம். பாஷாவும் முந்தின ராஜா வீட்டுக்கு இதைத்தான் செய்தார்.

நான் யோசித்தேன். பழி வாங்கும் பாத்தியதை தகப்பன் வழியில்தான் போகும். அண்ணன் தம்பி, சித்தப்பா பெரியப்பா, அவர்கள் பிள்ளைகள். அம்மா வழி உறவுக்கு அந்தப் பாத்தியதை கிடையாது. அத்தானின் தகப்பன் வழியில் பாஷா வீட்டு ரத்தம் ஒரு சொட்டும் இல்லை. ஆகவே அத்தானால் சிம்ரிக்கு ஆபத்து இல்லை. ஆகவே அத்தானைக் கொல்லக் காரணம் இல்லை. ஒளிந்திருந்து பிடிபட்டால்தான் சந்தேகம் வரும். நேராகப் போய்ச் சொல்லிவிடுவதுதான் சரி.

அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். "நீ அவன்கிட்ட போகாதே."

"அக்கா, காரணம் சொன்னா அவர் கேப்பார். மத்தவங்க மாதிரி இல்லை அவர்."

"போகாதே. நாளைக்கழிச்சுக் கரிவண்டி வெளியே போகும். கரியோட கரியா ஏத்தி விட்டுடலாம்."

"கரிவண்டியைக் குத்திப் பார்க்காமலா விடுவாங்க? யோசிச்சுப் பேசு."

"யாமீன், போகாதே."

குழிக்குள்ளிருந்து அத்தான் குரல் வந்தது. "மாப்ள, உன் யோசனையில ஓட்டை இல்லை. ஆனா கத்தி வெச்சிருக்கவன் யோசிக்கற ஆளான்னு மட்டும் பார்த்துக்க."

3

போனேன்.

சிம்ரி பாஷாவின் நாற்காலியில் இருந்தார். கால்மேல் கால் போடவில்லை. நாற்காலியின் ஒரு கால் ஆடியது, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "டேய் சக்கரம், வா" என்றார், பழைய மாதிரியே. அந்தக் குரலில்தான் நான் விழுந்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். அத்தானின் தகப்பன் பெயர், தாத்தா பெயர், தாத்தாவின் தகப்பன் பெயர். ஒவ்வொன்றாகக் கேட்டார். விரல்விட்டு எண்ணினார். "நீ சொல்றது சரிதான். பழி பாத்தியதை அவனுக்குக் கிடையாது."

"அப்போ அவரை விட்டுடுவீங்களா?"

"கர்த்தர்மேல ஆணை. ஒரு மயிர் தரையில விழாது. கூட்டிட்டு வா. என் முகத்துக்கு முன்னால வந்து நின்னுட்டுப் போனான்னா, அப்புறம் ஒரு பயலும் அவனைத் தொடமாட்டான்."

பட்டறைக்கு ஓடினேன். அத்தான் கை கால் கழுவிக்கொண்டார். தாடியிலிருந்த சிராயை அக்கா எடுத்துவிட்டாள். "ஏண்டி மூஞ்சி இப்படி? ராஜாவைப் பார்க்கப்போறேன், கொஞ்சம் வாசனைத் தைலம் கொடு" என்றார் அவர்.

முற்றத்தில் வைத்து —

முற்றத்தில், என் பக்கத்தில் நடந்துகொண்டிருந்தவரை. நான் அவருக்கு நாற்காலி ஆடுவதைப்பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் சிரிக்கத் திரும்பினார். இரண்டு பேர் தூணுக்குப் பின்னாலிருந்து வந்தார்கள். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்டே கீழே சரிந்தார்.

மாடியில் சிம்ரி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியவில்லை. அவர் உள்ளே போய்விட்டார்.

4

அக்கா கதவைத் திறக்கவில்லை. உள்ளே புலம்பும் பெண்களின் சத்தம். அதில் அவள் குரல் மட்டும் இல்லை.

5

கிபெத்தோனுக்குச் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. ஓட ரதம் இல்லையென்றால் என்ன, கழுதைக்குக் கால் இல்லையா? பாளையத்திலேயே உம்ரியை ராஜாவாக்கிவிட்டார்களாம். பெலிஸ்தரை அப்படியே விட்டுவிட்டு மொத்தப் படையும் இங்கே வந்துகொண்டிருக்கிறது.

சிம்ரி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். போகமாட்டேன் என்றேன். இரண்டு பக்கமும் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"காவல் ரதம் எத்தனை ஓடும்?"

"பன்னிரண்டு. சக்கரம் மாட்டினா."

"மாட்டு."

"மாட்டலாம். ஓட்டறதுக்கு ஆள் எங்கே? உங்க ஆளுங்கள்ல பாதிப் பேர் நேத்தே மதில் தாண்டிக் குதிச்சுட்டாங்க."

அவருக்கு அஞ்சு நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை, கேட்டேவிட்டேன். "ஏன் கொன்னீங்க? நான் சொன்னது சரின்னீங்களே. ஆணை போட்டீங்களே."

"சரிதான்டா. உறவா இல்லையான்னு நல்லாத்தான் பார்த்தே." களைத்துப்போன வாத்தியார் மாதிரி பேசினார். "சிநேகிதனைப் பார்க்கலையே நீ. பாத்தியதை இருக்கறவன் கடமைக்குப் பழி வாங்குவான். ஒரே பந்தியில உக்காந்து சிரிச்சவன் மனசாரப் பழி வாங்குவான். ஏலா வீட்டுச் சிநேகிதன் ஒருத்தனையும் விட்டு வைக்கலை நான். உன் அத்தான் ஒருத்தன்தான் கிடைக்காம இருந்தான்."

கிடைக்காமல் இருந்தார். நான் கிடைக்கச் செய்தேன்.

"இன்னொரு வேலை. ஊர் வாசல் குறுக்குத் தாழை இறுக்கணும். உள்ளே இருக்கற எவனும் தனியாத் திறக்கக்கூடாது. உன்னால முடியும்."

ஏன் செய்தேன்? தெரியவில்லை. கை பழகிப்போயிருக்கிறது. தாழின் இரண்டு முனையிலும் சுவர்க்கல்லோடு சேர்த்து வெண்கல முளை அறைந்தேன். எதை முதலில் பிடுங்கவேண்டும் என்று தெரியாதவன் ஒரு நாள் முழுக்க முட்டினாலும் அசையாது. நல்ல வேலை.

6

மதிலைச் சுற்றி உம்ரியின் படை. கூடாரம்கூட அடிக்கவில்லை. இதற்குக் கூடாரம் எதற்கு என்று நினைத்திருப்பார்கள்.

மதில்மேல் இருக்கிறவர்களும் கீழே இருக்கிறவர்களும் ஒருவருக்கொருவர் சொந்தக்காரர்கள். அம்பு பறக்கவில்லை, வாய்தான் பறந்தது.

"மேலே யாருய்யா ராஜா? இன்னும் அதே ஆள்தானா?"

"காலையில வரைக்கும் அவர்தான்!"

"நான் தோயவெச்ச பால்கூட இன்னும் தயிராகலை, அதுக்குள்ள உங்களுக்கு ஒரு ராஜா வந்துட்டுப் போறாரா?"

"உங்க ராஜாவுக்கு மட்டும் கிரீடம் இருக்கா? இல்லை, கஞ்சிச் சட்டியைக் கவுத்து வெச்சீங்களா?"

சிரித்தார்கள். இரண்டு பக்கமும். அப்போது கீழே ஒருவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்தான். ஈகால். அத்தானுடைய அதே அகலமான நெற்றி. "எங்க அண்ணன் யாசூப் எங்கே? மதிலுக்கு வரச் சொல்லுங்க. ரசம் அனுப்பலைன்னு திட்டணும்."

சிரிப்பு நின்றது. அவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனான். கடைசியில் ஒரு கிழவி, மாவு சலிக்கிறவள், சொல்லிவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள். யார் கொன்றது, யார் கூட்டிக்கொண்டு போனது.

அவன் அழவில்லை. தலையில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டான். பிறகு நிமிர்ந்து மதில்மேல் என்னைத் தேடினான். நான் குனிந்து ஒளியவில்லை. ஒளிந்திருக்கலாம்.

"யாமீன்! என் கையால ரெண்டு பேர். மொதல்ல உங்க ராஜா. அடுத்தது நீ."

தகப்பன் வழி. கூடப்பிறந்தவன். பாத்தியதையில் ஒரு குறையும் இல்லை.

7

காலையில் ஊர்ப் பெரியவர்கள் ஏழெட்டுப் பேர் பட்டறை வாசலுக்கு வந்தார்கள். "முளையைப் பிடுங்க முடியுமா?"

"முடியும்."

"பிடுங்குவியா?"

எனக்கு உம்ரி யாரோ, சிம்ரி யாரோ. ஒன்றுதான் மனதில் இருந்தது: ஈகால் உள்ளே வரவேண்டும். சிம்ரியின் நெஞ்சில் அவன் வாள் இறங்கவேண்டும். அத்தானின் ரத்தத்துக்கு அங்கே கணக்குத் தீரவேண்டும். தீர்ந்தால் என்மேல் அவனுக்கு இருக்கிற வெறி இளகுமோ என்னவோ. ஆமாம், அந்த நப்பாசையும் இருந்தது. இதில் ஏன் பொய் எழுதவேண்டும்?

இடது முளை, பிறகு மேல் முளை, பிறகு வலது. தாழ் விழுந்தது.

முதலில் நுழைந்தவர்களில் ஈகால் இருந்தான். "அரண்மனையிலதான் இருக்கான். முற்றத்துக்கு இடப்பக்கம் படி" என்றேன். ஓடிக்கொண்டே சொன்னான்: "உன்கிட்ட அப்புறம் வரேன்."

அவன் பாதித் தெரு போவதற்குள் புகை எழும்பிவிட்டது. சிம்ரி கோபுர அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தானே தீ வைத்துக்கொண்டார். கூரை முழுக்கக் கேதுரு. எத்தனையோ வருஷம் உலர்ந்து பிசின் ஏறின மரம். எண்ணெய் ஜாடிகள் வேறு. உத்தரங்கள் விழ ஆரம்பித்தபோது ஐம்பது முழத்துக்கு அப்பாலும் முகம் பொசுங்கியது. யாராலும் கிட்டே போகமுடியவில்லை.

ஈகால் முற்றத்தில், அதே இடத்தில், வாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். வாள் துடைத்தது போல் சுத்தமாக இருந்தது. நெருப்பை யாரால் பழிவாங்க முடியும்? கடைசி மூச்சிலும் அந்த ஆள் ஏமாற்றிவிட்டான் — அவனையும், என்னையும்.

அவன் திரும்பினான். நான் ஓடினேன்.

ஏழாம் மாதம், 8. சீகேம்

கை தவறிக் கொன்றவனைப் பழிகாரன் தொடமுடியாத அடைக்கலப் பட்டணம் இது; திர்சாவிலிருந்து மூன்று மணி நேர நடை. நேற்று நான் ஒரே ஓட்டமாக வந்தேன். உள்ளங்காலில் தோல் இல்லை. சிராய்ப் பையில் நான் எழுதிவைத்த இந்த ஓட்டுச்சில்லுகள் மட்டும் எப்படி என்னோடு வந்தன என்று தெரியவில்லை.

வாசலில் பெரியவர்கள் மூவர் உட்கார்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். நடுவில் இருந்தவர் கேட்டார். "என்ன ஆயுதத்தால கொன்னே?"

"ஆயுதம் இல்லை. நம்பிக் கூட்டிட்டுப் போனேன்."

"உன் கையில ரத்தம் இல்லையே. ரத்தம் இல்லாதவனுக்கு அடைக்கலம் எதுக்கு?"

"அதை என் பின்னால ஓடிவர்றவன்கிட்ட கேளுங்க."

அவர் எட்டிப் பார்த்தார். சாலையில் புழுதி. "உள்ளே வாடா சீக்கிரம்" என்றார்.

15

விசாரணை. இவர்கள் முறைப்படி கேள்வி ஒன்றே ஒன்றுதான்: செத்தவனுக்கும் இவனுக்கும் முன்பகை உண்டா? உண்டு என்றால் வாசலுக்கு வெளியே தள்ளி ஈகால் கையில் கொடுத்துவிடுவார்கள். இல்லை என்றால் உள்ளே இருக்கலாம். சாட்சி செத்தவன் வீட்டிலிருந்து வரவேண்டும்.

அக்கா வந்தாள். ஈகாலோடு வந்தாள். பிள்ளை இல்லாமல் செத்த அண்ணன் மனைவியைத் தம்பி சேர்த்துக்கொள்வதுதான் எங்கள் வழக்கம். ஆக, இனி அவள் அவன் வீட்டில்தான் சாப்பிடவேண்டும், அவன் வீட்டில்தான் படுக்கவேண்டும். 'பகை உண்டு' என்று இரண்டு வார்த்தை சொன்னால் அவள் வரப்போகும் வீட்டில் எல்லாம் சுமுகம்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. பெரியவரின் கால்விரலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இந்த ஆளுக்கும் உன் புருஷனுக்கும் பகை உண்டாம்மா?"

"இல்லை."

ஈகால் தொண்டையைச் செருமினான். அவள் திரும்பவில்லை.

"சொத்துத் தகராறு? வாய்த் தகராறு?"

"இல்லை. இந்த ஆள் எங்க வீட்லதான் சாப்பிடும். ரெண்டு பேரும் சேர்ந்தா வீடு தாங்காது, அப்படிச் சிரிப்பாங்க."

"போகவேண்டாம்னு நீ தடுத்தியா?"

"தடுத்தேன். மூணு தடவை சொன்னேன்."

"அப்புறம் ஏன் போச்சு இந்த ஆள்?"

"தான் சொல்றது சரின்னு தெரிஞ்சுபோச்சுன்னா இந்த ஆளுக்குக் காது கேக்காது. சின்ன வயசிலேர்ந்தே அப்படி. கெட்ட எண்ணம் இல்லை." பிறகு, மெதுவாக: "கெட்ட எண்ணம் இருந்திருந்தா நான் அவரை விடாம கதவைப் பூட்டியிருப்பேன்."

பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். உள்ளே இருக்கலாம் என்றார்கள். பெத்தேலில் இருக்கும் பெரிய ஆசாரியன் சாகும்வரை பட்டண எல்லையைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ஈகால் என்ன செய்தாலும் கேள்வி இல்லை. ஆசாரியன் செத்தால் எல்லாப் பழியும் அவரோடு போய்விடும், வீட்டுக்குப் போகலாம்.

அக்கா புறப்பட்டாள். "அக்கா" என்று கூப்பிட்டேன். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தாள். விசாரணை முழுக்க ஒருமுறைகூட அவள் 'தம்பி' என்று சொல்லவில்லை. 'இந்த ஆள்'.

என் உயிரை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். மீதி எதையும் கொடுக்கவில்லை.

பத்தாம் மாதம், 11

ராஜாவின் பெயர் எழுதவில்லை. பாதி ஜனம் உம்ரி என்கிறது, பாதி புதிதாகக் கிளம்பின திப்னி என்கிறது. எழுதினால் எழுதினவன் தலை போகும்.

இங்கே கழுதைவண்டிச் சக்கரம்தான் வேலை. ஆர் கிடையாது, கெட்டிப் பலகை. யாரும் அவசரப்படுத்துவதில்லை.

என்னோடு தங்கியிருப்பவன் சேமிதா. மரம் வெட்டும்போது கோடாரித் தலை கழன்று பறந்து கூட்டாளியின் நெற்றியில் விழுந்துவிட்டது. ஒன்பது வருஷமாக இங்கே இருக்கிறான். தினம் காலையில் எழுந்து பெத்தேல் பக்கம் திரும்பி ஆசாரியன் சாகவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறான். இங்கே எல்லோரும் அதைத்தான் வேண்டிக்கொள்கிறார்கள். ஆசாரியனின் தாய்க்கு அது தெரியும். அதனால் குளிர் வரும்போதெல்லாம் எங்களுக்குக் கம்பளியும் அத்திப்பழ அடையும் அனுப்புவாள். இன்று வந்தது. கொண்டுவந்தவன் அவள் சொன்னதை அப்படியே சொன்னான்: "வயிறாரச் சாப்பிடுங்கப்பா. என் பிள்ளையைச் சபிக்காதீங்க."

"எப்படி இருக்கார் அவர்?" சேமிதா உடனே கேட்டான்.

"நாலு நாளா ஜுரம். கஞ்சிகூட இறங்கலை."

சேமிதா எழுந்து ஒரு சுற்று ஆடினான். வாயில் அடையை வைத்துக்கொண்டே ஆடினான்.

சந்தை நாளானதால் ஈகாலும் வந்திருந்தான். எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் மரத்தடியில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டு என்னைப் பார்ப்பான். பேசமாட்டான். இன்றைக்குப் பேசினான். "அவ உண்டாகியிருக்கா." கொஞ்சம் மென்றுவிட்டு, "பையன்னா அண்ணன் பேரு."

"நல்லா இருக்காளா?"

அவன் கழுதையை ஓட்டிக்கொண்டு போனான்.

சாயங்காலம் எல்லோரும் பெத்தேல் பக்கம் திரும்பி நின்றார்கள். நானும் நின்றேன். முடிந்ததும் சேமிதா முழங்கையால் இடித்தான். "இன்னைக்கு நீயும் வாயை அசைச்சியே. என்ன கேட்டே?"

"அவருக்கு ஜுரம் விடணும்னு."

"பைத்தியமாடா உனக்கு?"

ஆசாரியன் செத்தால் நான் போகலாம். போனால் அக்கா முன்னால் போய் நிற்கவேண்டும். அவள் இடுப்பில் ஒரு யாசூப் இருப்பான்.

கம்பளி நன்றாக இருக்கிறது. கெட்டி நெய்தல். அந்தத் தாய்க்கு யாராவது சொல்லி அனுப்பினால் தேவலை: ஒருத்தன் இங்கே சபிக்கவில்லை என்று.